பின்னாலிருந்து வரையப்பட்ட வண்டிக் குதிரை: வடிவப் பகுப்பாய்வில் ஓர் ஐயம்

நிழல்கோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பிய ஓவிய வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு பென்சில் சித்திரத்தைத் தேர்ந்தெடுத்து வடிவப் பகுப்பாய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைந்தவர் பெயர் தெரியவில்லை. பிரான்ஸ், 1820 அளவில், தாளில் பென்சில் என்பதற்கு மேல் பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. ஓவியரின் வாழ்க்கையையும் காலத்தின் அரசியலையும் துணைக்கு அழைக்காமல், தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து எழுத வேண்டும் என்பது ஆசிரியர் விதித்த நிபந்தனை. பெயரே இல்லாத சித்திரத்தை எடுத்துக்கொண்டால் அந்த நிபந்தனையை மீறும் ஆசை எழாது என்று எண்ணினேன். இப்போது வேறு வகையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சித்திரத்தை முதலில் விவரித்துவிடுகிறேன். தாள் அகலவாக்கில் இருக்கிறது. பாரம் இழுக்கும் பருத்த குதிரை ஒன்றை, அதன் பின்புறத்திலிருந்தும் சற்றே இடப்பக்கத்திலிருந்தும் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ஆகவே பிட்டமும் பின்தொடைகளும் தாளின் வலப்பாதியைப் பெரிதாக நிரப்புகின்றன. முதுகு குறுகி, கழுத்தும் தலையும் இடப்பக்கம் தொலைவில் சிறுத்துப் போகின்றன. வால் குட்டையாக நறுக்கப்பட்டிருக்கிறது. கழுத்தில் கனமான வளையம். அதிலிருந்து புறப்படும் இரண்டு தோல்வார்கள் நம்மை நோக்கி வந்து கீழ்வலது மூலையை நெருங்குகின்றன; அருகிலிருப்பது நடுவில் சற்றுத் தொய்ந்து வளைகிறது. வண்டி இல்லை. ஆள் இல்லை. பின்னணி முழுவதும் வெறும் தாள். குளம்புகளுக்கு அடியில் மட்டும் சில குறுங்கோடுகள் தரையைக் குறிக்கின்றன. இடப் பின்னங்கால் சற்று மடங்கி, குளம்பின் நுனி மட்டும் தரையைத் தொடுகிறது. தலை மிக மங்கலாக, ஒரு காதும் கண் மறைப்பின் விளிம்பும் தாழ்ந்த முகவாயும் தெரியும்படி நாலைந்து கோடுகளில் முடிந்துவிடுகிறது. வலப்பக்க இடுப்பின் விளிம்பில் இரண்டு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகின்றன. மேலுள்ளது அழுத்தமானது, கீழுள்ளது மங்கல்.

இதைப் பற்றி நான் எழுதிய முதல் பத்தி இப்படித் தொடங்குகிறது: “கண்ணுக்குத் தெரியாத பாரத்தை இழுக்கத் தவிக்கும் இந்தக் குதிரை, உழைப்பின் துயரத்தை ரொமான்டிக் கால உணர்ச்சிப் பெருக்கோடு வெளிப்படுத்துகிறது.” படித்த ஆசிரியர் ஓரத்தில் “எங்கே?” என்று ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். (“ரொமான்டிக்” என்பது அந்தக் காலத்தில் உணர்ச்சியை முதன்மைப்படுத்திய கலைப்போக்கு.) அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தலையும் பின்னணியும் இவ்வளவு குறைவாக இருப்பதால், இது பாதியில் கைவிடப்பட்ட சித்திரமா, வேண்டுமென்றே இப்படி விடப்பட்டதா என்பதையும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அதைத் தீர்மானிக்காமல் வெற்றிடத்தைப் பற்றி எதை எழுதினாலும் ஊகமாகவே படுகிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


குளம்படி எழுதியது:

நிழல்கோடு அவர்களுக்கு, உங்கள் ஆசிரியரின் “எங்கே?” மிகச் சரியான கேள்வி. நீங்கள் தந்திருக்கும் விவரணையே உங்கள் முதல் வாக்கியத்தை மறுக்கிறது. அதைக் கவனிக்காமல் கடந்திருக்கிறீர்கள்.

குதிரைகளோடு சிறிது பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் குதிரை எதையும் இழுக்கவில்லை. பின்னங்கால் ஒன்றை மடக்கிக் குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி நிற்பது, நின்றபடியே இளைப்பாறும் குதிரையின் நிலை. குதிரையின் பின்னங்காலில் முழங்கால் சில்லைப் பூட்டிக்கொள்ளும் ஓர் அமைப்பு உண்டு. அதனால் தசைகளை அதிகம் வருத்தாமல் ஒரு பின்னங்காலின் மீது பாரத்தைச் சாய்த்துவிட்டு மற்றதைத் தளர்த்திக்கொள்ள முடிகிறது. இரண்டு பின்னங்கால்களையும் ஒரே நேரத்தில் தளர்த்த முடியாது என்பதால், சிறிது நேரத்துக்கு ஒருமுறை கால் மாற்றிக்கொள்ளும். இழுக்கும் குதிரையோ இரண்டு பின்னங்கால்களையும் தரையில் அழுத்தி உடலை முன்னுக்குத் தள்ளும்; கழுத்து வளையம் தோள்களில் இறுக அமரும்; அப்போது வளையத்துக்கும் பாரத்துக்கும் இடையிலுள்ள வார் நாண்போல விறைத்து நேர்க்கோடாகிவிடும். தொய்ந்து வளைந்த வார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒற்றை வளைகோடே இழுவை நிகழவில்லை என்பதற்குச் சான்று.

இதைத் தகவல் பிழையாக மட்டும் எண்ணித் திருத்திவிட்டுப் போய்விடாதீர்கள். வடிவப் பகுப்பாய்வுக்கு இங்கேதான் வழி திறக்கிறது. ஒரு பின்னங்கால் தளர்ந்தால் அந்தப் பக்க இடுப்பு இறங்கும், பாரம் தாங்கும் பக்க இடுப்பு ஏறும். ஆகவே பின்னாலிருந்து பார்க்கும்போது பிட்டத்தின் மேல்விளிம்பு கிடைமட்டமாக இராமல் சாய்வாக அமையும். அந்தச் சாய்வு சித்திரத்தில் இருக்கிறதா? இருந்தால், சித்திரத்தின் மிகப் பெரிய வடிவமே சமநிலை பிசகிய ஒன்றாக இருக்கிறது என்றாகிறது. அதை நேர்செய்வது எது? வலப் பின்னங்காலின் நிமிர்ந்த செங்குத்துக் கோடா? அந்தக் குளம்பின் அடியிலுள்ள கருமையா? “துயரம்” என்ற சொல்லை ஒருபுறம் வைத்துவிட்டு, பாரம் தாளில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று பென்சிலின் அழுத்தத்தைத் தொடர்ந்து பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. நீங்கள் வார்களைப் பற்றி எழுதுகிறீர்கள். வண்டியின் ஏர்க்கால்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏர்க்கால்களுக்கு நடுவே நிற்கும் குதிரையென்றால் இருபுறமும் இரண்டு கட்டைகள் விலாவை ஒட்டி ஓடியிருக்கும். அவை வரையப்படவே இல்லையென்றால், ஒன்றன்முன் ஒன்றாகப் பூட்டப்படும் குதிரைகளில் முன்னே நிற்கும் குதிரையாக இது இருக்கலாம். அப்படியானால் அதன் பின்னால், நாம் நின்று பார்க்கும் இடத்தில், இன்னொரு குதிரையோ வண்டியோ இருந்தாக வேண்டும்.


தாள்வாசி எழுதியது:

முடிக்கப்பட்டதா, கைவிடப்பட்டதா என்ற கேள்வியைப் பொருளின் பக்கமிருந்து அணுகலாம் என்று தோன்றுகிறது. பழைய சித்திரத் தாள்களோடு சில ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். படத்தை மட்டும் திரையில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது.

முதலில் பென்சில். இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதியிலுள்ள பாரோடேலில் 16ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்ட தூய கிராஃபைட்டை அறுத்துச் செருகிய பென்சில்களே நெடுங்காலம் சிறந்தவையாக இருந்தன. பிரெஞ்சுப் புரட்சிக் காலப் போரால் அந்தச் சரக்கு பிரான்ஸுக்கு வருவது தடைபட்டபோது, நிக்கோலா ஜாக் கோன்டே கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டெடுக்கும் முறையைக் கண்டறிந்து 1795இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினமும் வெளிர்மையும் கூடும். குறைந்தால் மென்மையும் கருமையும் கூடும். ஆகவே 1820 அளவில் பிரான்ஸில் வரைந்த ஒருவருக்கு வெவ்வேறு கடினத்தில் பென்சில்கள் கிடைத்திருக்கும். உங்கள் சித்திரத்தில் தலைக்கும் பிட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரே பென்சிலை அழுத்தியும் தளர்த்தியும் பெற்றதா, இரண்டு பென்சில்களால் பெற்றதா என்று பாருங்கள். கடின முனை கோடு மெலிந்து வெளிறி, தாளில் சிறு பள்ளம் விட்டுச் செல்லும். மென்முனையைத் தளர்த்திப் பிடித்தால் கோடு அகன்று, தாளின் மேடுகளில் மட்டும் ஒட்டிப் பொடிப்பொடியாகத் தெரியும். தலை கடின முனையால் வரையப்பட்டிருந்தால், அது அங்கே ஒரு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றைக் கையில் எடுத்து எடுத்த முடிவு. நேரம் போதாமல் விட்டதென்று அதைச் சொல்வது கடினம்.

இரண்டாவது, கிராஃபைட்டின் எல்லை. எவ்வளவு அழுத்தினாலும் அது ஒரு கட்டத்துக்கு மேல் கறுக்காது. மாறாகப் பளபளக்கத் தொடங்கும். கறுப்புச் சுண்ணக்கோல் தரும் ஆழ்ந்த மங்கல் கருமை இதில் வராது. எனவே பென்சிலில் வரைபவர் கருமையைச் சிக்கனமாகப் பங்கிட வேண்டும்: எல்லா இடத்திலும் அழுத்தினால் எங்கும் கருமை இராது, ஒரே சாம்பல் மினுக்கம்தான் மிஞ்சும். உங்கள் சித்திரத்தில் மிகக் கருமையான மூன்று, நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை மனத்தில் கோடிட்டு இணைத்தால் கண்ணின் பாதை கிடைக்கும். என் அனுபவத்தில், நல்ல சித்திரங்களில் இந்தப் புள்ளிகள் தற்செயலாக விழுவதில்லை. புகைப்படத்தில் ஓர் இடம் வெளிறித் தெரிந்தால் அது உண்மையிலேயே வெளிறியதா, பளபளப்பில் விளக்கொளி பட்டுத் திரும்பியதா என்பதையும் சரிபாருங்கள். மிக அழுத்தமான இடமே படத்தில் வெளிச்சமாகத் தோன்றி ஏமாற்றுவதுண்டு.

மூன்றாவது, தாளின் ஓரங்கள். கீழ்வலது மூலையை நோக்கி ஓடும் வார்கள் எப்படி முடிகின்றன? கோடு தாளின் விளிம்பில் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கிறதா, விளிம்புக்கு முன்பே மெலிந்து கரைகிறதா? பழைய சித்திரங்களைச் சேகரித்தவர்கள் கறைபட்ட ஓரங்களைக் கத்தரிப்பதும், ஏட்டிலிருந்து கிழித்த தாளைச் சட்டத்துக்கேற்ப நறுக்குவதும் வழக்கமாக நடந்தவை. கோடு வெட்டுப்பட்டிருந்தால், இன்று நாம் பார்க்கும் சட்டக எல்லையை வரைந்தவர் தீர்மானித்தார் என்று உறுதியாகக் கூற இயலாது. அந்த எல்லையை வைத்துச் செய்யும் எந்த இயைபு (படத்தின் உறுப்புகள் அமைந்திருக்கும் விதம்) விளக்கமும் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும். கரைந்து முடிந்திருந்தால் நிம்மதியாக எழுதலாம்.

வலது இடுப்பின் இரட்டைக் கோட்டைப் பற்றியும் ஒரு சொல். ரப்பர் கொண்டு பென்சிலை அழிக்கும் வழக்கம் 1770 வாக்கிலேயே அறிமுகமாகிவிட்டது. அதற்கு முன்னர் ரொட்டித் துணுக்கு அந்த வேலையைச் செய்தது. அதாவது கீழுள்ள மங்கல் கோட்டை அழிக்க வேண்டுமென்று நினைத்திருந்தால் வழி இருந்தது. அதை விட்டுவைத்திருக்கிறார். வேலையின் நடுவே வரும் திருத்தத்தை மறைக்க வேண்டியதில்லை என்று கருதிய கை இது. கண்காட்சிக்கு அனுப்பும் பொருளாக இதை எண்ணி வரையவில்லை என்பதற்கும் அது ஒரு குறிப்பு. இந்த வகைத் தாளில் “முடிக்கப்பட்டது” என்ற சொல்லையே கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.


மறுபார்வை எழுதியது:

மேலே இருவரும் எழுதியதை ஏற்றுக்கொண்டு, கேள்வியின் இன்னொரு பகுதிக்கு வருகிறேன். “ரொமான்டிக்” என்ற சொல்லைக் கண்டதும் உணர்ச்சிப் பெருக்கு, துயரம், புயல் என்று எழுதத் தொடங்குவது நம் பாடக்குறிப்புகள் பழக்கிவிட்ட பழக்கம். இந்தச் சித்திரத்தில் அது எடுபடாது. இதில் கொந்தளிப்பு ஏதுமில்லை. ஒரு குதிரை நிற்கிறது. அந்தக் காலத்தின் தனித்தன்மை இதில் இருக்குமானால், அது குதிரையின் முகபாவத்தில் இருக்காது. முகத்தையே வரைந்தவர் கிட்டத்தட்டக் கைகழுவிவிட்டாரே! எந்தக் குதிரையை, எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு பெரிதாகப் பார்ப்பது என்ற தேர்வில்தான் அதைத் தேட வேண்டும்.

அதற்கு முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் குதிரைகளை அறுத்து ஆராய்ந்து 1766இல் குதிரை உடற்கூறு நூலை வெளியிட்டவர். அவர் 1762 அளவில் தீட்டிய பந்தயக் குதிரை விசில்ஜாக்கெட்டின் ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது: ஏறத்தாழ உயிரளவில், வெறும் பின்னணிமுன், தனியாக. வெறும் பின்னணி என்பது உங்கள் சித்திரத்துக்கும் அதற்கும் பொதுவானது. ஆனால் அங்கே குதிரை முன்னங்கால்களைத் தூக்கிப் பக்கவாட்டில் முழுதாகத் தெரிகிறது, கண் பார்வையாளரை நோக்குகிறது; அந்த வெறுமை அதை மேடையேற்றுகிறது. உங்கள் தாளில் வெறுமை அந்த வேலையைச் செய்யவில்லை. முதுகைக் காட்டி நிற்கும் உடலைச் சுற்றியுள்ள வெறுமை, அந்த உடல் எதைப் பார்த்து நிற்கிறதோ அதை நமக்கு மறுக்கிறது. ஒரே உத்திக்கு இரண்டு வேலை. “பின்னணி வெறுமையாக இருக்கிறது” என்று எழுதி நிறுத்திக்கொள்பவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது.

ஒப்பிடுவதற்கு இன்னும் நெருக்கமானவர் பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிகோ (1791–1824). “மெடுசாவின் தெப்பம்” ஓவியத்தை 1820இல் லண்டனில் காட்சிக்கு வைத்த பயணத்தின் தொடர்ச்சியாக, அந்நகரத் தெருக்களை நேரில் கண்டு கல்லச்சில் வரைந்த படத்தொகுதி ஒன்றை அவர் 1821இல் வெளியிட்டார். நிலக்கரி வண்டி, இலாடம் அடிக்கும் பட்டறை, கப்பல்துறை வாயில் என்று அதில் பெரும்பகுதி உழைக்கும் குதிரைகளே. அடெல்ஃபி கப்பல்துறையின் நுழைவாயிலைக் காட்டும் படத்தில், பாரக் குதிரைகள் நமக்கு முதுகைக் காட்டியபடி இருண்ட வளைவுக்குள் இறங்குகின்றன. பிட்டங்களின் திரட்சிதான் படத்தின் முதன்மை வடிவம். அதே 1821இல்தான் அவர் எப்சம் குதிரைப் பந்தயத்தையும் தீட்டினார். அதில் குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னுமாக நீட்டி அந்தரத்தில் பறக்கின்றன. பாயும் குதிரையின் கால்கள் அப்படி நீண்டு பரவி அந்தரத்தில் நிற்பதில்லை என்பதை 1878இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜின் தொடர் புகைப்படங்கள் காட்டின. ஒரே கை, ஒரே ஆண்டு: பந்தயக் குதிரை மரபு தந்த வாய்பாட்டில் பறக்கிறது, வண்டிக் குதிரை கண்ணால் கண்ட எடையோடு தரையில் நிற்கிறது. விரைந்து பாயும் கால்களைக் கண் பின்தொடர முடியாது. இளைப்பாறும் குதிரையைப் பின்தொடர முடியும். நிற்கும் குதிரையே பென்சிலுக்கு நேரம் கொடுக்கிறது.

உங்கள் சித்திரம் ஜெரிகோவினுடையது என்று நான் சொல்லவில்லை; அந்தச் சபலத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பெயர் தெரியாத தாளில் பெரிய பெயரை ஒட்டுவது ஏலக்காரர்களின் வேலை. அந்தக் காலத்தில் உழைக்கும் குதிரை, குறிப்பாக அதன் பின்புறம், ஓவியத்தின் முழுமையான பொருளாகிவிட்டிருந்தது என்பதற்கே இந்த ஒப்பீடு. இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிள் 1819இல் காட்சிக்கு வைத்த “வெள்ளைக் குதிரை” ஓவியத்திலும் படகிழுக்கும் குதிரைதான் ஆற்றைக் கடக்கிறது. ஆனால் அது ஆறடி அகலக் கித்தானில் ஒரு மூலையில், நிலக்காட்சியின் உறுப்பாக இருக்கிறது. நிலத்தையும் வானத்தையும் எடுத்துவிட்டு குதிரையை மட்டும் நிறுத்துவது வேறு துணிச்சல்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாள்வாசி அவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கைவிடப்பட்டதா என்பதைக் கண்டறியப் பென்சில் வகையைவிட எளிய சோதனை இருக்கிறது. முடிப்பின் அளவு எப்படிக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். பிட்டத்தில் நெருக்கமான நிழல்கோடுகள், விலாவில் சற்று அகன்றவை, தோளில் ஒற்றை வரிசை, கழுத்தில் விளிம்பு மட்டும், தலையில் குறிப்பு மட்டும் என்று படிப்படியாகக் குறைந்தால், அது தொலைவைக் காட்டும் ஏற்பாடு. அருகிலுள்ளது அடர்ந்தும் தொலைவிலுள்ளது வெளிறியும் தெரிவதைப் பென்சிலின் அழுத்தத்தால் மட்டும் சாதித்திருக்கிறார். விலாவில் முழுமையாக நிழலிட்டுவிட்டுத் தோளில் திடீரென்று வெறுமையானால், அங்கே யாரோ கையை எடுத்துவிட்டார்கள். இப்படி ஒரு பொருளின் நீளத்தைக் குறுக்கிக் காட்டும்போது, ஒன்றையொன்று மறைக்கும் விளிம்புகளையும் கவனியுங்கள்: பிட்டத்தின் கோடு விலாவின் கோட்டை எங்கே வெட்டுகிறது, கழுத்து வளையம் கழுத்தை எங்கே மறைக்கிறது என்ற அந்தச் சந்திப்புகளில்தான் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீள உடல் ஒரு சாண் தாளுக்குள் அடங்குகிறது.

கடைசியாக, நாம் நிற்கும் இடம். குளம்படி அவர்கள் போகிற போக்கில் சொன்ன வாக்கியத்தை நான் கட்டுரையின் நடுவில் வைப்பேன். வார்கள் நம்மை நோக்கி வருகின்றன. வண்டி இருக்க வேண்டிய இடத்தில் அல்லது அதற்கு ஒட்டி இடப்பக்கத்தில் நாம் நிறுத்தப்பட்டிருக்கிறோம். இழுக்கப்படும் பொருளின் பக்கத்திலிருந்து இழுப்பவரைப் பார்க்கும் பார்வை இது. அதை உணர்ச்சிச் சொல் ஏதுமின்றி, கோடுகளின் திசையை வைத்தே உங்களால் நிறுவ முடியும்.


தாள்வாசி எழுதியது:

மறுபார்வை அவர்களின் சோதனை எளியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் செய்து பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் நாம் வண்டியின் இடத்தில் நிற்கிறோம் என்ற முடிவு, தாள் நறுக்கப்படவில்லை என்பதை நம்பியே நிற்கிறது. நறுக்கப்பட்ட பகுதியில் வண்டியே வரையப்பட்டிருந்தால் என்ன செய்வீர்கள்?


நிழல்கோடு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படம் கிடைத்ததால் இரண்டு நாட்களாக அதிலேயே இருந்தேன். கண்டவற்றைச் சொல்கிறேன்.

முடிப்பு படிப்படியாகவே குறைகிறது. தொடையின் உட்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு நிழல்கோடுகள். விலாவில் ஒரே அடுக்கு, அதுவும் உடலின் உருண்டைத் தன்மையைத் தழுவி வளைகிறது. தோளில் வலமேலிருந்து இடக்கீழாகச் சாயும் நேர்க்கோடுகள் சில. அதற்கப்பால் விளிம்பு மட்டும். ஆனால் இந்த வரிசையை ஓர் இடம் முறிக்கிறது. கழுத்து வளையத்தின் அடிப்பகுதி, தொலைவில் இருந்தும், தொடையின் உட்புறத்துக்கு நிகராகக் கறுத்திருக்கிறது. மிகக் கருமையான புள்ளிகள் மூன்று: வளையத்தின் அடி, தொடைகளுக்கு நடுவே, பாரம் தாங்கும் வலக் குளம்பின் கீழ். வளையத்திலிருந்து தொடை வழியாகக் குளம்புக்குக் கண் இறங்குகிறது. குதிரை இழுக்கும்போது விசை போகும் வழியும் ஏறக்குறைய இதுதான் என்று குளம்படி அவர்கள் எழுதியதிலிருந்து விளங்கிக்கொண்டேன். இழுவை நிகழவில்லை; ஆனால் அதன் பாதை கருமையில் பதிந்திருக்கிறது. இது மிகைவிளக்கமாக இருந்தால் கண்டிக்கவும்.

வார்களைப் பொறுத்தவரை விடை இரண்டுபட்டதாக இருக்கிறது. தொய்ந்து வளையும் அருகு வார், விளிம்புக்கு இரண்டு விரலளவு முன்பே மெலிந்து கரைந்துவிடுகிறது. அப்பாலுள்ள வார், விளிம்பு வரை ஓடி அங்கே வெட்டுப்பட்டு நிற்கிறது. ஆகவே வலப்பக்கம் ஓரளவு நறுக்கப்பட்டிருக்கலாம் என்று எழுதி, ஆனால் அருகு வார் தாளுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் அது போய்ச் சேரும் வண்டி ஒருபோதும் வரையப்பட்டிருக்காது என்றும் எழுத எண்ணுகிறேன். ஏர்க்கால்களின் சுவடு எங்கும் இல்லை.

முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “இக்குதிரை இழுப்பதை நிறுத்தியிருக்கிறது. தளர்ந்த இடப் பின்னங்காலால் இடுப்பின் கோடு இடப்பக்கம் சரிய, சரிந்த அந்தத் திரட்சி முழுவதையும் வலக்காலின் ஒற்றைச் செங்குத்துக் கோடு தாங்குகிறது. சித்திரத்தின் மிக அழுத்தமான பென்சில் கோடுகளுள் ஒன்று அதன் குளம்பின் அடியில் விழுகிறது.”


குளம்படி எழுதியது:

பத்தி நன்றாக இருக்கிறது. கருமையின் பாதை மிகைவிளக்கம் அல்ல; “விசையின் பாதை” என்று சொல்வதற்கு முன்னால் “சேணத்தின் அமைப்பை அறிந்தவருக்கு” என்று ஒரு தொடரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும். கண்ணுக்குத் தெரிவது கருமை. விசை என்பது நாம் அறிந்து சேர்ப்பது.

வலது இடுப்பின் இரட்டைக் கோட்டை இன்னும் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள். மங்கல் கோடு கீழே, அழுத்தக் கோடு மேலே என்று முதலில் எழுதினீர்கள். வரையத் தொடங்கியபோது வலது இடுப்பு தாழ்ந்திருந்தது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அதாவது அப்போது குதிரை வலக்காலைத் தளர்த்தி இடக்காலில் நின்றிருக்கிறது. வரைந்துகொண்டிருக்கும்போதே கால் மாற்றியிருக்கிறது. வரைந்தவர் அழிக்காமல் புதிய நிலையை மேலே வரைந்துவிட்டார். வெறும் பிசகைத் திருத்திய கோடாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதைத் தீர்க்க வேண்டுமானால் வலக் குளம்பைப் பாருங்கள். முன்பு அது நுனியூன்றி நின்றிருந்தால், அழுத்தமான குளம்புக்குப் பக்கத்திலோ அடியிலோ மங்கலான வேறொரு குளம்பின் கோடு இருக்க வேண்டும்.


நிழல்கோடு எழுதியது:

இருக்கிறது. தரையைக் குறிக்கும் குறுங்கோடுகளில் ஒன்று என்று இதுவரை எண்ணியிருந்தேன். அழுத்தமான குளம்புக்குச் சற்று இடப்பக்கம், கீழ்நோக்கிக் கூர்ந்து வளையும் ஒரு மெல்லிய கோடும், அதற்கு மேலே கணுவை நோக்கி ஏறும் இன்னொரு துண்டும் தெரிகின்றன. தரைக்கோடுகள் அவற்றின் மீது போடப்பட்டிருக்கின்றன. முழுதாக மூடவில்லை.